எந்தப் பூச்சியத்திலிருந்து?

ஹட்டன் சரிவில் கட்டும் வீட்டுக்கு ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் பைதன் நிரல் எழுதுகிறேன். மூன்று நாளாக இதே பாடு. தூணின் பிளேஸ்மென்டை, அதாவது இடத்தையும் திருப்பத்தையும், கேட்டால், அதை உள்ளடக்கிய பார்ட் என்ற தொகுதியின் சொந்தப் பூச்சியத்திலிருந்து அளந்த கணக்குத்தான் வரும். மாடலில் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அறியத் தாயான பார்ட்டுடையதை முன்னாலும் பிள்ளையான தூணுடையதைப் பின்னாலும் வைத்துப் பெருக்க வேண்டும். நான் மாற்றிப் போட்டுவிட்டேன், படிக்கட்டு முழுதும் மலைக்குள் புகுந்துவிட்டது! பிழைச்செய்தி ஒன்றுகூட வராது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சர்வேயர் தந்த புள்ளிகளோ வேறு உலகம்: பிதுருதலாகலை உச்சியைக் கிழக்கு 5,00,000, வடக்கு 5,00,000 மீற்றர் என்று வைத்து அளக்கும் எஸ்எல்டி99 என்ற இலங்கை நில அளவை முறை. மாடலோ மில்லிமீற்றரில். ஒரு தூணுக்கு மூன்று முகவரி! நேற்றும் இரவு ஒரு மணிவரை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டேதான் இருந்தேன்.