நடுப்படியில் நிற்கும் பீரோ

பழைய பீரோ வாங்க வருகிறவர் அதைத் திறந்து பார்ப்பார், மூடிப் பார்ப்பார், சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார், அதுவரை நியாயம்தான். மேல்தட்டில் விரித்திருந்த பழைய நாளிதழை உருவி எடுத்து, நின்ற நிலையிலேயே ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து முடித்து, "அப்பவே பெட்ரோல் வெலைய ஏத்திருக்கான் பாருங்க" என்று எனக்கே செய்தி வாசிக்கிறவரை என்ன செய்வது? நான் காபி கொடுத்தேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த முதல் தவறு அது.

இணையத்தில் வீட்டுச் சாமான் விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. படத்தைப் போட்ட இரண்டாவது நிமிடம் "இருக்கா?" என்று ஒருவர் கேட்பார்; "இருக்கிறது" என்று பதில் போட்டதும், அது இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே பிறவி எடுத்தவர்போல மறைந்துவிடுவார். "கடைசி விலை என்ன?" என்று கேட்கிறவர் முதல் விலையைப் படித்திருக்கவே மாட்டார். தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகி மதுரைக்கு வரப்போவதாகவும், பொருளைப் பார்க்காமலேயே முழுத்தொகையையும் அனுப்பிவிடுவதாகவும் சொல்லி, ஒரு க்யூஆர் கோடையும் அனுப்பிவைத்து, அதை ஸ்கேன் செய்து பின் நம்பரை அடித்தால் பணம் வந்துவிடும் என்று இந்தியில் அன்பொழுக எடுத்துரைத்தவர்கள் இதுவரை மூன்று பேர். பணம் கொடுப்பதற்குத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியும் என்று மூன்றாமவரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பேரம் பேசாமல் நான் கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான்.

எனக்கு அவசரம். அப்பா புரோநோட்டு எழுதிக்கொடுத்து வாங்கிய இரண்டரை லட்சம் ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. வட்டி கட்டிப் பழகாதவர்கள் மூன்று ரூபாய்தானே என்பார்கள். அது மாதத்துக்கு மூன்று, வருடத்துக்கு 36. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டதே, போய்ப் புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று எனக்கு வழிகாட்டிய உறவினர்கள் ஒருவர் விடாமல், அதே வட்டிக்காரரைத் தெருவில் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிடு போடுகிறவர்கள். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு என்று ஒரு வக்கீல் விளக்கினார். அப்பா விட்டுச்சென்ற சொத்து இந்தப் பீரோதான். அம்மாவோ, அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னொருவர் வீட்டில் இருக்கிறவரைக்கும் தனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டார். அம்மாவின் நகை அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக எப்போதோ வங்கிக்குப் போய்விட்டது. என் சம்பளம் வாடகைக்கும் வட்டிக்கும் சரியாக இருக்கிறது. ஆகவே வீட்டில் ஆண்டுக்கணக்காகத் தொடாமல் கிடக்கும் ஒவ்வொன்றையும் விற்று அசலைக் குறைப்பது என்று முடிவு செய்தோம்.

இதில் வட்டிக்காரர் வைத்திருக்கும் ஒரு சட்டம் உண்டு. அசலைச் சில்லறையாக வாங்க மாட்டார்; பத்துப் பத்தாயிரமாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஒன்பதாயிரத்தைக் கொண்டுபோய் நீட்டினால், "இது கெடக்கட்டும்மா, முழுசாச் சேத்துக் கொண்டா" என்று பெருந்தன்மையோடு திருப்பித் தருவார். சேர்க்கிற நாள்களுக்கும் வட்டி ஓடும் என்பதால் அந்தப் பெருந்தன்மை. இதுவரை ஐந்து முறை பத்தாயிரம் சேர்த்துக் கட்டி, அசலை இரண்டு லட்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மாத வட்டி 6,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 200. கையில் 3,000 இருந்தது. பீரோ 7,000 ரூபாய்க்குப் போனால் அடுத்த பத்தாயிரம் சேர்ந்துவிடும், வட்டி 5,700 ஆகிவிடும். அந்த முந்நூறு ரூபாயை நினைத்துக்கொண்டுதான் மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று யாரும் சொல்ல வர வேண்டாம். மிக்சியும் மேசை மின்விசிறியும் அங்கேதான் போயின. பீரோவைத் தோளில் போட்டுக்கொண்டு சிம்மக்கல்லுக்கு நடக்க என்னால் இயலாது. பித்தளை அண்டாவையும் இரண்டு குடங்களையும் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டபோது, உள்ளே பூசிய ஈயத்துக்கு ஒரு கழிவு, அடியில் பிடித்த கரிக்கு ஒரு கழிவு, கடைசியாகப் பெயர் வெட்டியிருப்பதற்கு ஒரு கழிவு என்று மூன்று முறை கழித்தார்கள். விளிம்பில் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயரும், திருமணத் தேதியும் இருந்தன. எப்படியும் உருக்கத்தானே போகிறீர்கள், பெயர் இருந்தால் என்ன என்று கேட்டதற்கு, "அது அப்படித்தாம்மா" என்று பதில் வந்தது. கழிவு போட்டவருக்கு அதற்கு மேல் ஒரு காரணம் தேவைப்படவில்லை.

பீரோவுக்கு வருகிறேன். தொலைபேசியிலேயே 7,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, 500 ரூபாய் அட்வான்சும் அனுப்பிவிட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு மைத்துனரோடு வந்தார் அவர். முதலில் இஞ்ச் டேப்பை எடுத்து உயரம் அளந்தார். மைத்துனர் நம்பிக்கை இல்லாமல் மறுபடி அளந்தார். இருவருக்கும் அரை அங்குலம் வேறுபட்டதால் மூன்றாவது முறை என்னை அளக்கச் சொன்னார்கள். பிறகு விரல் மடக்கிப் பக்கவாட்டில் தட்டி, மருத்துவர் மார்பில் காது வைப்பதுபோலக் காது வைத்துக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். நான் மிகைப்படுத்தவில்லை, பீரோ இரும்பில் செய்யப்பட்டதுதானா என்பதை உறுதிசெய்துகொள்ளும் பொருட்டு ஒரு மனிதர் வீட்டிலிருந்து காந்தம் கொண்டுவந்திருந்தார். அது ஒட்டியது. ஒட்டியதில் அவருக்குச் சற்று ஏமாற்றம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அதன் பிறகு மனைவியை வீடியோ காலில் அழைத்துப் பீரோவைச் சுற்றிக் காட்டினார். கண்ணாடியில் அவர் முகமும் அவர் கைப்பேசியும்தான் தெரிந்தன என்பதால் அந்த அம்மையார் கணவரையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். லாக்கரைத் திறக்கச் சொன்னார். அப்பா அதற்குள் வைத்திருந்தவை எல்.ஐ.சி. ரசீதுகளும் வட்டிக் கணக்கு எழுதிய நாற்பது பக்க நோட்டும்தான். அவற்றை எடுத்துவிட்டேன், ஆனால் அந்த அறையில் இன்னும் பாச்சை உருண்டை வாசம் இருந்தது. "நகை வச்ச லாக்கரா?" என்றார். இல்லை என்றேன்.

அடுத்துத்தான் கேட்டார், "நல்லாத்தானே இருக்கு, ஏன் தங்கச்சி விக்கிறீங்க?"

வேறு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். புதிதாக மர அலமாரி அடிக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள்போல, "அப்பா வாங்கின கடன் இருக்குண்ணே, அதை அடைக்க" என்றேன். அவர் முகத்தில் கருணை வந்தது. விலையில் மூவாயிரம் இறங்கியது. "நாலாயிரம்னா இப்பவே ஏத்திருவேன்" என்றார். பழைய இரும்புக்கடையில் போட்டால் தொண்ணூறு கிலோவுக்குக்கூட மூவாயிரம் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதை எடை போடாமலே சொன்னார். எனக்கு வேண்டியது ஏழாயிரம், ஒரு ரூபாய் குறைந்தாலும் பத்தாயிரம் முழுமையடையாது என்பதை அவரிடம் எப்படி விளக்குவது? முடியாது என்றேன். "கடனை வச்சுக்கிட்டு இவ்வளவு வீம்பு ஆகாது தங்கச்சி" என்றார். கடன் வாங்கியவன் மானத்தோடு சேர்த்து விலையையும் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று எந்த நீதிநூலில் எழுதியிருக்கிறதோ, இந்த ஊரில் அதை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நாளுக்கு 200 என்றால் மணிக்கு எட்டு ரூபாய் சொச்சம். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் உட்கார்ந்ததற்கு மட்டும் எனக்கு 25 ரூபாய் வட்டி ஓடியது. காபி தனி, இரண்டு சுற்று.

ஒருவழியாக ஏழாயிரத்துக்கே இறங்கிவந்தார், ஆனால் கொசுறு கேட்டார். கீரை வாங்குகிறவர் கறிவேப்பிலை கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. பீரோவுக்குக் கொசுறாகச் சுவர்க்கடிகாரத்தைக் கேட்டதை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஓடுகிற கடிகாரம். கழற்றிக் கொடுத்தேன்.

வாசலில் குட்டியானை வந்து நின்றது. லோடுமேன்கள் நான்கு பேர், கூலி 1,200, அது வாங்குகிறவர் பொறுப்பு என்று பேச்சு. கயிறு கட்டி, சாக்கு சுற்றி, கண்ணாடிக்கு எங்கள் வீட்டுப் போர்வையையே மூடி, முதல் மாடியிலிருந்து அவர்கள் இறக்கத் தொடங்கினார்கள். படிக்கட்டு பாதியில் திரும்புகிற சதுரத்துக்குப் பீரோ வந்து சேர்ந்த நேரத்தில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. மாமியார். ஒரு கையால் லோடுமேன்களை நிற்கச் சொல்லிவிட்டு, மறுகையால் வாயை மறைத்துக்கொண்டு அவர் பேசியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "ஆமாத்தே... கடனுக்குத்தான் விக்கிறாங்களாம்... ஓ... அப்படியா... சரித்தே."

கடன்பட்ட வீட்டுப் பீரோ தங்கள் வீட்டுக்கு ஆகாதாம். அதில் பணம் வைத்தால் தங்காதாம். பெரியவர்கள் சொன்னால் தட்ட முடியாதாம். இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிகுந்த பணிவோடு, 500 ரூபாய் அட்வான்சைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அங்கேயே நின்று அனுப்பினேன். கை நடுங்கியதால் பின் நம்பரை ஒருமுறை தப்பாக அடித்தேன். கூலியைப் பற்றிப் பேச வாய் திறப்பதற்குள் இருவரும் தாங்கள் வந்த வண்டியில் ஏறிவிட்டார்கள். மைத்துனர் அக்குளில் கடிகாரம் இருந்ததை அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் உணர்ந்தேன். கடன்பட்ட வீட்டுப் பீரோதான் ஆகாது. அதே வீட்டுக் கடிகாரம் ஆகும் போலிருக்கிறது. மாமியாரிடம் அதையும் கேட்டுச் சொல்லியிருக்கலாம்.

லோடுமேன்களைக் குறை சொல்ல மாட்டேன். பேசியது இறக்குவதற்கு, பாதி இறக்கியாயிற்று, ஆகவே பாதிக் கூலி 600; திரும்ப ஏற்றுவது தனிவேலை, அதற்கு 1,500; ஏற்றுவது இறக்குவதைவிடக் கடினம் என்பது உண்மைதானே. குட்டியானைக்குக் காத்திருந்த கூலி 300. ஆக, பீரோ விற்றதில் எனக்குச் செலவு 900. கையிலிருந்த மூவாயிரம் 2,100 ஆனது. அவர்கள் போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று மாலை சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். எந்தச் சித்தப்பா என்று கேட்காதீர்கள். எந்தக் கடையை வைப்பதற்காக அப்பா அந்தப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டாரோ அந்தச் சித்தப்பா. கடை ஒன்றரை வருடம் ஓடியது, சித்தப்பா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். "பாப்பா, அண்ணன் பொழங்குன பீரோவப் போயி வெளியாளுக்குக் குடுக்கலாமா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எடுத்துட்டுப் போயிருப்பேன்ல" என்றார். எவ்வளவுக்குச் சித்தப்பா என்றேன். "குடும்பத்துக்குள்ள என்ன பாப்பா கணக்கு?" என்றார். நான் ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். இரண்டு வருடமாகச் சிரிக்காத அம்மா சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணில் நீர் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சித்தப்பா நாங்கள் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

இன்று மூன்றாவது நாள். பீரோ திருப்பத்தில்தான் நிற்கிறது. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா முதல் நாள் சத்தம் போட்டார். இரண்டாம் நாள், படிக்கட்டு ஜன்னல் வழியாக வெயில் நேரே அதன் தலையில் விழுவதைக் கண்டுபிடித்து, ஒரு முறம் மிளகாய் வற்றலைக் காய வைத்துவிட்டார். அவருடைய மகன் கல்லூரிக்குப் போகும்போது அங்கே நின்றுதான் தலை சீவுகிறான். சிலிண்டர் கொண்டுவந்தவர் அதைத் தாண்ட முடியாமல், கீழேயே வைத்துவிட்டு, மேலே தூக்கியதற்கான காசை மட்டும் மேலே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பத்தாயிரத்துக்கு இன்னும் 7,900 வேண்டும். ஆகவே விளம்பரத்தில் விலையை 7,900 என்று மாற்றியிருக்கிறேன். பாதி தூரம் இறக்கித் தரப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.