நாமும் நாங்களும்

தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவரால் மட்டுமே தோட்டக் கதையை உண்மையாக எழுத முடியும் என்று தோட்டக் கதைகள் பற்றிய ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. தோட்டத் தொழிலாளியாக இல்லாத புதுமைப்பித்தன்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் 'துன்பக்கேணி'யில் எழுதினார். எழுதியவர் எங்கே பிறந்தார் என்பது ஒரு கேள்வி. கதை சொல்லும் குரல் எங்கே நிற்கிறது என்பது வேறொரு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு நம் மொழியிலேயே தடயங்கள் உள்ளன. மலாயில் 'கித்தா', 'காமி' என இரண்டு சொற்கள் இருப்பதைப் போலத் தமிழிலும் கேட்பவரைச் சேர்க்கும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என இரண்டு உண்டு. "நாங்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றோம்" என்று, அதாவது காலை ஆட்கணக்கெடுப்பு வரிசையில் நின்றதாக, தொடங்கும் கதை வாசகரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறது. அதுவே 'நாம்' என்று மாறினால் வாசகரும் அந்த வரிசையில் நிற்க நேர்கிறது. படர்க்கையில் எழுதினாலும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஒருத்தி 'வந்தாள்' என்றால் சொல்பவர் லயத்திற்குள் இருக்கிறார், 'போனாள்' என்றால் வெளியே இருக்கிறார்.

தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் மகன் கதைசொல்லியாக வரும் கதைகள் இதனாலேயே என்னை ஈர்க்கின்றன. லயத்தின் பேச்சை அறிந்திருந்தும் அங்கே உறங்காத அவன், சம்பளக் கணக்கைத் தன் வீட்டு மேசையிலேயே பார்த்துவிடுகிறான். அவனை உள்ளே இருப்பவன் என்பதா, வெளியே இருப்பவன் என்பதா?

நான் கோலாலம்பூரில், செந்தூலில் வளர்ந்தவள். பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த, என் பாட்டி தோட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் 'நாங்க' என்றே சொல்வார். பேத்தியாக இருந்தும் அந்தச் சொல்லுக்குள் நான் ஒருநாளும் இருந்ததில்லை.