மாரிக்கு முதல் அலுமாரியைத் திறவுங்கோ

இணையத்தில ஒரு கணக்கு சுத்துது. மூன்று மாசத்துக்கு ஒரு ஆளுக்கு உடுக்க 33 உருப்படி காணுமாம், சப்பாத்தும் நகையும் அதுக்குள்ளதானாம். குளிர் நாட்டில அது சரிவரும். அங்க ஒரு ஜீன்ஸை நாலு நாள் போடலாம். கிளிநொச்சி வெயிலுக்கு காலமை போட்ட சட்டை மத்தியானத்தோட ஊத்தை. கிரவல் றோட்டில மோட்டச்சைக்கிள் ஓடினால் அதுவும் தாங்காது.

வன்னியில உடுப்புக் கணக்கைக் கொடியில இருந்துதான் தொடங்க வேணும். தோய்ச்சது காய எத்தனை நாள் எடுக்குது எண்டு பாருங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வெயில் காலத்தில மூன்று வெள்ளைச் சட்டை போதும்: ஒண்டு உடம்பில, ஒண்டு கொடியில, ஒண்டு மினுக்கினபடி அலுமாரியில. ஐப்பசி, கார்த்திகையில அதே சட்டை காய இரண்டு நாள் வேணும். கொலரும் பொக்கற் அடியும் மூண்டாம் நாளும் ஈரமாய் இருக்கும். அப்ப ஐஞ்சு இல்லாமல் கிழமை ஓடாது. சாறம், சோட்டி, உள்ளுடுப்பு, துவாய் எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். அதால தினம் போடுற உடுப்பைக் குறைக்கச் சொல்லி ஒருத்தரும் இங்க வகுப்பெடுக்கத் தேவையில்லை. குறைக்க வேண்டியது போடாமல் கிடக்கிறதை.

போடாமல் கிடக்கிறது எது? ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் எடுத்த சீலைகள். வெளிநாட்டில இருந்து வந்தவை விட்டிட்டுப் போன தடிச்ச குளிர்ச் சட்டைகள். இந்த வெக்கைக்கு இரண்டு குளிர்ச் சட்டை ஏன்? மார்கழிப் பனிக்கு ஒண்டு காணும். பிறகு, "மெலிஞ்சால் போடலாம்" எண்டு வைச்ச களிசான்.

சீலைக்கு என்ரை அளவுகோல் ஒண்டுதான்: அதுக்குரிய சட்டை இண்டைக்குக் கொழுவுப்படுதா? ரீச்சர்மாரின்ரை அலுமாரியில இருபது சீலை இருக்கும், கொழுவுப்படுற சட்டை ஏழு இருக்காது. அப்ப கையில இருக்கிறது ஏழு சீலைதான். சட்டையைப் புரட்டி உள்ளுக்குப் பக்கத் தையலைப் பாருங்கோ. துணி ஒரு அங்குலம் விட்டிருந்தால் பிரிச்சுத் தைக்கலாம். விடேல்லை எண்டால் புதுச் சட்டை தைக்கிற அளவுக்கு அந்தச் சீலை பெறுமதியோ எண்டு அண்டைக்கே முடிவெடுங்கோ. மிச்சம் வைக்கிற சீலைக்குள்ள அதின்ரை சட்டையையும் பாவாடையையும் சேர்த்து மடியுங்கோ. காலமை ஏழு மணிக்குத் தேடுற வேலை மிச்சம்.

இதைப் புத்தாண்டுக்குச் செய்யாதேங்கோ. புரட்டாசிதான் சரியான மாசம். வெயில் இருக்கு, மழை இன்னும் துவங்கேல்லை. முற்றத்தில படங்கை விரிச்சு எல்லாத்தையும் வெளியில எடுங்கோ. தட்டுத் தட்டாய் எடுத்தால் சாமான் மற்றத் தட்டுக்கு மாறுமே ஒழியக் குறையாது. வெறும் அலுமாரியின்ரை பின்பலகையில கையை வைச்சுப் பாருங்கோ. குளிர்ந்து ஈரமாய் இருந்தால் சுவர் ஈரத்தை இழுக்குது. 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடுகளில இடம் போதாமல் அலுமாரியைச் சுவரோட ஒட்டி வைச்சிருப்பினம். நாலு அங்குலம் முன்னுக்கு இழுத்து விடுங்கோ. கறையான் ஏறினாலும் அப்பதான் கண்ணில படும். அமத்தின பலகை அலுமாரி எண்டால் கால்களுக்குக் கீழ செங்கல் வையுங்கோ. அது ஒருக்கால் தண்ணி குடிச்சு ஊதினால் பிறகு சுருங்காது.

திருப்பி அடுக்கேக்க ஒரு சட்டம்: அடுக்குக்கும் மேல்தட்டுக்கும் இடையில கை நுழைய வேணும். காத்துப் போகாத அலுமாரியில பூஞ்சணம் வந்தே தீரும், எவ்வளவு வடிவாய் அடுக்கினாலும். மினுக்கின சூட்டோட உடுப்பை உள்ளுக்கு வைக்கிறது அடுத்த பிழை. அந்தச் சூட்டில ஈரம் இருக்கு. இருபது நிமிசம் வெளியில தூக்கி விடுங்கோ. காய்ஞ்சிட்டுதோ எண்டு முதுகுத் துணியைத் தடவிப் பார்க்கிறது வீண், இடுப்புப் பட்டியைப் பிடிச்சுப் பாருங்கோ. ஈரம் இழுக்கச் சிரட்டைக் கரி ஒரு கால் கிலோ, பழைய துணிப் பையில கட்டித் தட்டுக்கு ஒண்டு வைக்கலாம். மாசம் ஒருக்கால் வெயிலில காய வைச்சால் திரும்பவும் வேலை செய்யும்.

கூறைச் சீலையைக் கடைக்காரன் தந்த பொலித்தீன் பையிலயே வருசக்கணக்காய் வைக்கிறதைப் பார்க்கத்தான் வயிறு எரியுது. உள்ளுக்குப் பிடிபட்ட ஈரம் வெளியேறாது, சரிகை கறுக்கும். றபர் பாண்டும் போடாதேங்கோ, அதில இருக்கிற கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுப்பாக்கும். சீலையைச் சுத்தி வைக்கக் கஞ்சி போடாத, நல்லாய்த் தோய்ச்ச பழைய வேட்டித் துண்டு போதும். கஞ்சி இருந்தால் பூச்சி அதைத் தின்ன வரும். மூன்று மாசத்துக்கு ஒருக்கால் விரிச்சு, நிழலில காத்தாட விட்டு, மடிப்பை மாத்துங்கோ. ஒரே மடிப்பில கிடக்கிற பட்டு அந்த இடத்திலதான் வெடிக்கும். பாரச் சரிகைச் சீலையைக் ஹாங்கரில தூக்க வேண்டாம்.

பூச்சி உருண்டையைத் துணியில முட்ட விடாமல் சின்னத் துணியில முடிஞ்சு மூலையில வையுங்கோ. கற்பூரத்தையும் அதையும் ஒண்டாய் வைச்சால் இரண்டும் இளகி ஒழுகிக் கறை பிடிக்கும். பூச்சி உருண்டையைக் கைக்குழந்தையின்ரை உடுப்போட வைக்கவே கூடாது. சில பிள்ளையளுக்கு அந்த மணமே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேப்பிலை போடுறவை நிழலில சருகாகக் காய வைச்சுப் போடுங்கோ, பச்சை இலை கறை.

குழாய்க்கிணத்துத் தண்ணியில வெள்ளை உடுப்பு மஞ்சளாகினால் பிளீச் ஊத்தாதேங்கோ. அது இரும்புக் கறை, பிளீச் அதை இன்னும் இறுக்கும். தேசிப்புளியும் உப்பும் தேய்ச்சு வெயிலில ஒரு மணித்தியாலம் விட்டு அலம்புங்கோ, வெள்ளைப் பருத்திக்கு மட்டும்.

கழிச்ச உடுப்பில பருத்தி எண்டால் பிடிதுணிக்கும் துடைக்கவும் வெட்டலாம், பொலியெஸ்டர் தண்ணி இழுக்காது. குடுக்கிறது எண்டால் தோய்ச்சு, தெறி, சிப் பார்த்துக் குடுங்கோ. வெள்ளம் வரேக்க பழசை மூட்டை கட்டி அனுப்புறதில எனக்கு உடன்பாடில்லை. அந்த நேரம் அவைக்குத் தேவை புது உள்ளுடுப்பும் சாறமும் துவாயும்.

கடைசியாய் அடித்தட்டு. 2018 டிசம்பரில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவில வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் எத்தனையோ வீட்டில அடி லாச்சியில, சீலைக்குக் கீழதான் கிடக்குது. சீலை கழிச்சு மேல்தட்டில இடம் வந்திருக்குமே, அதுகளைத் தண்ணி புகாத ஒரு பையில போட்டு அங்க, கதவைத் திறந்த உடனை கைக்கு எட்டுற பக்கம் வையுங்கோ. அடித்தட்டில செருப்பும் பழைய துவாயும் இருக்கட்டும்.