தொலைநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும்

வேலை பார்த்துக்கொண்டே இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வாங்கும் பி.ஏ. அரசு வேலைக்குச் செல்லாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2020 தொலைநிலைக் கல்வி ஒழுங்குமுறைகளில் 22ஆம் விதியைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையில் தரும் இளநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்கு இணையானது. 2022 செப்டம்பரில் யூஜிசி இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது.

தமிழ்நாட்டில் பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு அரசுப் பணியில் சிக்கல் உண்டு. இந்தக் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு இடையில் படிப்பை நிறுத்தியவர்களுக்கு அது பொருந்தாது.

நீங்களே சரிபார்க்கலாம். யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஆண்டு வாரியாக அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பருவமும், அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அதில் இருக்க வேண்டும். பணத்தைக் கட்டும் முன் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இக்னோவில் பி.ஏ. சேர வயது வரம்பு இல்லை. 3 ஆண்டுப் படிப்பை 6 ஆண்டுகள் வரை எழுதி முடிக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தை நிரப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அக்காமார் இதைப் படித்தால், தயங்காமல் நிரப்புங்கள்.