சாண்ட்விச்சைப் பழிக்காதீர்கள், அதில் ஊற்றியதைப் பாருங்கள்

ஞாயிறு ராத்திரியே எழுதியிருப்பேன். கோபத்தில் எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று இரண்டு நாள் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தும் ஆறவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

நம் ஓட்டக் குரூப்பில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். நம்மோடு ஓடும் தங்கை ஒருத்தி, ஓடி முடித்த பிறகு சாப்பிட்ட சாண்ட்விச்சோடு போட்ட ஃபோட்டோவைப் பார்த்திருப்பீர்கள். சீனியர் ஒருவர் அந்த சாண்ட்விச்சைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து திருப்பிப் போட்டதையும் பார்த்திருப்பீர்கள். ‘ஓடியது 10 கி.மீ., தின்றது 20 கி.மீ.’ என்று கீழே ஒரு வரி. நாற்பது பேர் சிரித்த முகம் போட்டார்கள். அது அவள் வாழ்க்கையில் ஓடிய முதல் 10 கி.மீ. ஃபோட்டோவில் வாட்சும் இருந்தது, 1 மணி 26 நிமிடம். அதை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சாண்ட்விச்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ராத்திரி 9 மணிக்கு அவள் குரூப்பை விட்டுப் போய்விட்டாள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எடை குறைக்க ஓடுகிறவர் சாண்ட்விச் சாப்பிடலாம். பெரிய கம்பெனிக் கடை சாண்ட்விச்சையும் சாப்பிடலாம். ஆளைக் கெடுப்பது அதன் மேல் ஊற்றுவதும், அதோடு சேர்த்துத் தலையில் கட்டுவதும்தான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஒரு பெண்ணின் தட்டில் வட்டம் போடக் கூடாது.

எங்கோ படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2018-இல் என் எடை 81 கிலோ. பெசன்ட் நகர் கடற்கரையில் விளக்குக் கம்பங்களை எண்ணி எண்ணி ஓட ஆரம்பித்தேன். ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. அப்போது ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சாண்ட்விச் கடை. எண்ணெயில் பொரிக்கவில்லை, பச்சைக் காய் இருக்கிறது, நல்லதுதானே என்று வாரத்தில் 4 நாள் மதியம் அங்கேதான். நாலு மாதம் ஆனது. ஒரு கிலோகூடக் குறையவில்லை. என் உடம்பு வாகே இப்படித்தான் என்று முடிவுகட்டி, குளியலறையில் அழுத நாளும் உண்டு.

ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையனின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிளாஸ்டிக் உறை மாட்டிய கை. பன்னைப் பிளந்தான். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், எல்லாம் ஒரு பிடி ஒரு பிடி. ‘சாஸ் என்ன மேடம்?’ வழக்கம்போல மயோனைஸ் என்றேன். பாட்டிலைக் கவிழ்த்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வளைத்து வளைத்து இழுத்தான். அங்கிருந்து திரும்பி வந்தான். மறுபடி போனான். சிக்குக் கோலம் மாதிரி இருந்தது, அடியில் தக்காளியே தெரியவில்லை. அதன் மேல் சீஸ். அப்புறம், ‘காம்போவா போட்டுடவா மேடம்?’ என்று கேட்டு ஒரு கோலா, ஒரு குக்கி. நாலு மாதமாக நான் தலையாட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓடும்போது நம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கி.மீ.க்கும் தோராயமாக 1 கலோரி செலவாகும். 70 கிலோ ஆள் 5 கி.மீ. ஓடினால் 350. ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் ஏறக்குறைய 90 கலோரி. அந்த மூன்று இழுப்பில் இரண்டு கரண்டியாவது இருக்கும், 180. அரை லிட்டர் கோலாவில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை, அது ஒரு 200. ஆயிற்றா? காலையில் வியர்வை சொட்டச் சொட்ட ஓடிய 5 கி.மீ. காலி. இன்னும் பன்னையும் காயையும் தொடவே இல்லை.

மயோனைஸை நிறுத்தினேன். கொஞ்சம் கடுகு சாஸ், சீஸ் வேண்டாம், கோழி கொஞ்சம் கூடுதல், கோலாவுக்குப் பதில் தண்ணீர். அதே கடை, அதே பையன், அதே பன். 11 மாதத்தில் 70 கிலோவுக்கு வந்தேன். ஓட்டத்தையும் 5-லிருந்து 10-க்கு ஏற்றினேன், அதுவும் காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 11 மாதமும் வாரம் 3 நாளாவது சாண்ட்விச் சாப்பிட்டேன்.

‘கம்பெனி விளம்பரத்தை நம்பிப் பேசாதீங்க, மேடம்’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். ஜாரெட் ஃபோகிள் கதையைச் சொல்கிறார் போலிருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கும்போது சப்வே என்ற கம்பெனியின் சாண்ட்விச்சைச் சாப்பிட்டே 100 கிலோவுக்கு மேல் குறைத்தவர், 2000-இலிருந்து அந்தக் கம்பெனி விளம்பரத்தின் முகமாக இருந்தவர். 2015-இல் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார், அந்த ஆளை நான் எதற்காகவும் தூக்கிப் பிடிக்க மாட்டேன். ஆனால் அவர் சாப்பிட்டது என்ன? மயோனைஸ் இல்லாமல், சீஸ் இல்லாமல், மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. கூடவே தினமும் நடை. ஊரெல்லாம் சாண்ட்விச்சை மட்டும் பிடித்துக்கொண்டது, அவர் எதையெல்லாம் வேண்டாம் என்றார் என்பதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

இன்னொருவர் சப்வே பன்னைப் பற்றிய அயர்லாந்து தீர்ப்பை அனுப்பினார். ‘கோர்ட்டே அது பிரெட் இல்லைன்னு சொல்லிடுச்சு’ என்று. 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அது வரி வழக்கு. மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால் பிரெட்டுக்கான வரிச் சலுகை கிடையாது என்பது அங்கே சட்டம். சப்வே பன்னில் 10 சதவீதம் இருந்தது. அதிகம்தான். ஆனால் ஒரு சின்ன சாண்ட்விச்சுக்கு 40, 50 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால் 4, 5 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி. நாம் காலையில் குடிக்கிற காபியில் எத்தனை கரண்டி? கோதுமை பன் கேட்டு வாங்குங்கள், பேச்சு முடிந்தது.

உப்பு அதிகம் என்கிறார்களே, அது சரி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சலாமி, சாசேஜ் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சி போட்ட சாண்ட்விச் ஒன்றிலேயே அதில் பெரிய பங்கு வந்துவிடும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015-இல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்திவிட்டது. ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் தள்ளி நில்லுங்கள், சலாமியை எல்லோருமே விடுங்கள். இதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் ஒன்று. 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவிலேயே கலோரியைப் போட வேண்டும் என்பது 2022-இலிருந்து நம் நாட்டு விதி. அந்த எண்ணைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் சாஸும் சீஸும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை. ‘வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டுமே’ என்று நான்கு பேர் எழுதியதுதான் வலித்தது.

ஓட்டம் முடிந்து நாம் எல்லோரும் டிபன் கடைக்குப் போகிறோமே. பொங்கல் நடுவே குழி, அதில் நெய் நிற்கும். மேலே முந்திரி. பக்கத்தில் சாம்பாரில் ஊறிய வடை. ஒரு மேசைக்கரண்டி நெய் 120 கலோரி, மயோனைஸைவிட அதிகம். அந்த ஃபோட்டோவுக்கு இதயம் இதயமாகப் பறக்கிறது. இன்றுவரை ஒருவரும் வட்டம் போட்டதில்லை. பொங்கலைக் குறை சொல்லவில்லை, எனக்கு உயிர். கலோரி எங்கே இருந்தாலும் கலோரிதான், அவள் தட்டுக்கு ஒரு நியாயம் உங்கள் தட்டுக்கு ஒரு நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை, ஞாயிறும் உண்டு. 5 மணிக்கு ஓட வருகிறாள், 7 மணிக்குப் பஸ், 8 மணிக்கு டியூட்டி. ஹாஸ்டலில் ஞாயிறு டிபன் எட்டரைக்குத்தான் வரும். முதல் வாய் சாப்பாடு அவளுக்கு 11 மணிக்கு, அதுவும் 15 நிமிட இடைவேளையில், பக்கத்துக் கடையில். வீட்டுச் சாப்பாடு சாப்பிடு என்றால் அந்த வீடு எங்கே இருக்கிறது?

வட்டம் போட்ட அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கத்தான் போகிறேன். உங்கள் ராகிக் கஞ்சியும் அவித்த முட்டையும் ஃபிளாஸ்கிலும் டப்பாவிலும் வருகிறதே, அதை 4 மணிக்கு எழுந்து கட்டிக் கொடுப்பது யார்? ஆறு வருஷமாக நான் இந்தக் குரூப்பில் இருக்கிறேன். அண்ணி ஒரு நாள்கூட ஓட வந்து பார்த்ததில்லை. வீட்டுச் சாப்பாட்டின் பெருமையைப் பேசுகிற ஆண்களில் எத்தனை பேர் அதைச் சமைக்கிறீர்கள்? சமைக்க ஆள் இல்லாத பெண், தான் உழைத்த காசில் ஒரு சாண்ட்விச் வாங்கித் தின்றால் அது உங்களுக்குக் கேலி.

‘விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிசு பண்றீங்க’ என்பீர்கள். 2019-இல் மெரினாவில் ஒரு 10 கி.மீ. ஓட்டத்தில் என்னைத் தாண்டிப் போனவர் திரும்பிப் பார்த்து, ‘ஆம்புலன்ஸ் பின்னாடிதான் வருது, பயப்படாதீங்க’ என்றார். அவரும் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அதன் பிறகு ஆறு வாரம் நான் ஷூவைத் தொடவில்லை. அவர் முகம் மறந்துவிட்டது, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

நேற்று ராத்திரி அவளோடு பேசினேன். நான்தான் பேசிக்கொண்டே போனேன். பன்னைக் கோதுமையாக மாற்று, மயோனைஸை விட்டுவிடு, அது இது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அக்கா, நான் அதுல மயோனைஸ் போடவே சொல்லலையே’ என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு அந்த ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோதுமை பன். கோழி, வெள்ளரி, தக்காளி, ஓரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கடுகு சாஸ். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். சிவப்பு வட்டத்துக்குள்ளேயே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நாற்பது பேரில் ஒருவரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. நானும் ஞாயிறு அன்று பார்க்கவில்லை.