ஐஎஸ்பிஎன் எண்ணும் காப்புரிமையும் ஒன்றல்ல

"ஐஎஸ்பிஎன் எண் இல்லாவிட்டால் புத்தகத்துக்குக் காப்புரிமை கிடையாது, ஐந்தாயிரம் கொடுத்து வாங்கிவிடுங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண், அவ்வளவுதான். இந்தியாவில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமையோ நீங்கள் எழுதிய உடனே வந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை; தகராறு வந்தால் பதிவு ஒரு சான்றாக உதவும்.

நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என் முதல் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரைந்தது கூடப் படித்த தோழி. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றை, அஸ்தம்பட்டி டீக்கடையில் உட்கார்ந்து வாட்டர் கலரில் போட்டுக் கொடுத்தாள். மூலையில் டீ கிளாஸின் வட்டக் கறைகூட உண்டு, அதையும் அப்படியே அச்சிட்டோம். காசு வாங்கவில்லை. அப்படியானால் அந்த ஓவியத்தின் உரிமை அவளுடையது, என்னுடையது அல்ல! மாற்றித் தருவதென்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நாங்கள் அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நட்புக்குள் எதற்கு என்று முதலில் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் மின்னூல் போடும்போது அந்தத் தாளைத்தான் தேடி எடுத்தேன்.

ஐந்தாயிரம் கையில் இருந்தால் மெய்ப்பு (ப்ரூஃப்) பார்ப்பவருக்குக் கொடுங்கள்.