நின்ற தறியைப் பார்த்துவிட்டுப் பழைய இரும்பு என்று எழுதாதீர்கள்

இங்கிலாந்தின் பேர்ன்லி நெசவாலை மியூசியத்துக்குப் போய்வந்தவரின் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “பழைய இரும்பைப் பார்க்க இவ்வளவு தூரமா?” என்ற வரியைக்கூடப் பொறுக்கலாம். அதற்குக் கீழே எங்கட ஆக்கள் வரிசையாகச் சிரித்திருந்ததுதான் பொறுக்க முடியவில்லை.

அந்த மியூசியம் இருக்கும் குவீன் ஸ்ட்ரீட் மில் 1890களில் எழுந்த ஆலை. 500 குதிரைவலு நீராவி எஞ்சின், 300க்கு மேல் லங்காஷயர் தறிகள். தறி ஓட்டிக் காட்டும் நாள் எது என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே போகவேண்டும். நின்ற தறியில் ஒன்றும் விளங்காது.

ஓடும்போது ஒரே தறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து செல்லும் நாடா, நீளவாட்டு நூல்களான பாவுக்குள்ளால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 தடவை பாயும். அதை அடித்து அனுப்புவது எருமைத்தோல் பிக்கர். பிக்கர் தேய்ந்தாலோ, நாடா வந்து தங்கும் பெட்டி இளகினாலோ, நாடா தறியை விட்டு வெளியே பறக்கும். இரண்டு முனையிலும் உருக்குக் கூர் வைத்த மரக்கட்டை அது, கண்ணில் பட்டால் கண் போச்சு. ஊடை அறுந்தால் முள்ளுக்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி தறியை நிறுத்திவிடும். பாவு அறுந்தால் அந்தத் தறி தானாக நிற்காது. நெசவாளிதான் கண்டுபிடித்து, நிறுத்தி, அறுந்த நூலை முடிந்து, பாவை உயர்த்தித் தாழ்த்தும் விழுதின் கண்ணுக்குள்ளாலும், ஊடையை நெருக்கி அடிக்கும் அச்சின் பல்லுக்குள்ளாலும் கொக்கியால் இழுக்கவேண்டும். நாலு தறியை ஒரே ஆள் பார்த்துக்கொண்டு இதையும் செய்யவேண்டும். நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய பாபினை மாற்றும்போதெல்லாம் நூல் நுனியை நாடாவின் துளைக்குள்ளால் வாயால் உறிஞ்சி எடுத்தார்கள். ஒரே நாடாவில் எத்தனை பேரின் வாய்! இதற்கா சிரிப்பு?

சத்தம் தாங்க முடியாது, வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா என்கிறார் ஒருவர். போதாது. அந்தச் சத்தத்துக்குள் உதட்டசைவைப் பார்த்துத்தான் அவர்கள் கதைத்தார்கள். காதடைப்பானைப் போட்டுக்கொண்டு போங்கள். ஓட்டுகிற செலவு பெரிது என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். தொழிலாளியைப் பிழிந்த இடத்தை ஏன் கொண்டாடவேண்டும் என்ற கேள்விதான் சுட்டது. ஞாயிறு ஓய்ந்து திங்கள் வேலைக்குத் திரும்பினால் நெஞ்சை இறுக்குமே, அந்தப் பஞ்சுத்தூசு நோயை வேறு எங்கே நின்று விளங்கிக்கொள்ளப் போகிறீர்கள்?

பேர்ன்லியை விடுங்கள். கொழும்பில் இருந்த எங்கட வெள்ளவத்தை நெசவு மில் எங்கே? மலையாளத் தொழிலாளர் பெருவாரியாக உழைத்த ஆலை. 1933 வேலைநிறுத்தத்தில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அதன் தொழிலாளருக்குத் தலைமை தாங்கினார். இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததே அதற்குப் பிறகு, 1935இல். இன்று ஹவ்லொக் வீதியில் அந்தக் காணியில் நிற்பவை அடுக்குமாடிகள். அந்த வழியால் தினமும் போகிற பிள்ளைக்கு அங்கே ஒரு மில் இருந்ததென்று யார் சொல்வது? பழைய இரும்பு என்று நாங்கள் சொல்லிச் சொல்லியே எல்லாம் இரும்புக் கடைக்குப் போகிறது.

கொழும்பு 6இல் யாருடைய வீட்டிலாவது அந்த மில்லின் நாடாவோ பாபினோ கிடந்தால் தயவுசெய்து வார்னிஷ் பூசாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். மரத்தைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். இரும்பு முனைக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுங்கள், கடல் காற்றுக்கு உடனே துருப்பிடிக்கும். வேலை செய்தவரின் பெயர், எந்தப் பகுதி, எந்த ஆண்டுகள் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். இறப்பர் பட்டி போடவேண்டாம், பருத்தி நூலால் கட்டுங்கள்.